அகஸ்தீஸ்வரத்து டேனியல்

சுசீந்திரம் எந்த வட்டத்தைச் சேர்ந்தது என்று வெளியூர்க்காரர் எவரேனும் கேட்டால், அகஸ்தீஸ்வரம் வட்டம் என்று சொல்வோம். வட்டாட்சியர் அலுவலகம் நாகர்கோவிலில் இருக்கிறபடியால், அந்தப் பெயருக்குரிய ஊரை ஒரு தடவையாவது போய்ப் பார்த்திராதவர்கள்கூடப் பட்டாவிலும் பத்திரத்திலும் குடும்ப அட்டையிலும் அந்தப் பெயரை ஆயுள் முழுவதும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கொட்டாரத்துக்கு அருகே, பனையும் தென்னையும் சூழ்ந்து கிடக்கும் அந்த ஊரிலே பிறந்த ஒருவர், தாமே கதை எழுதி, தாமே படம் பிடித்து, தாமே கதாநாயகனாக நடித்து, தாமே படச்சுருளை வெட்டி ஒட்டித் தொகுத்து, தம் சொந்த நிலத்தை விற்ற பணத்தில் ஒரு முழுநீளத் திரைப்படத்தைத் தயாரித்து, திருவிதாங்கூர் ராஜ்யத்தில் சினிமா என்னும் கலைக்கே முதல் வித்தை ஊன்றினார். ஜோசப் செல்லையா டேனியல் என்பது அவர் பெயர். மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் இன்று அவரைக் கொண்டாடுகிறது. அவர் பிறந்து, ஓய்ந்து, கண்மூடிய மண்ணில் வாழ்கின்ற நாம் அவரை அறிந்துகொண்டது போதாது என்ற ஆதங்கமே இந்தப் பதிவை எழுதத் தூண்டியது.

ஒரு நாள் எங்கள் ரதவீதியின் தேநீர்க் கடையில் இவரைப் பற்றிப் பேச்செடுத்தேன். உறவில் எனக்குச் சித்தப்பா முறையாகும் பெரியவர் ஒருவர், "அவரு மலையாளத்துக்காரங்களுக்குல்லா பெரிய ஆளு, நமக்கு என்ன மக்கா?" என்றார். அவர் மனத்தில் துளியும் கெட்ட எண்ணம் கிடையாது. நம்மில் பெரும்பாலோர் நினைப்பதைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அந்த நினைப்புக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதை என்னால் இயன்றவரை எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

டேனியல், செல்வமும் கல்வியும் நிறைந்த நாடார் கிறிஸ்தவக் குடும்பத்தில் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயில் பிறந்தவர். தகப்பனார் மருத்துவர். திருவனந்தபுரத்தில் மகாராஜா கல்லூரியில் படித்தார். அந்நாளில் நாஞ்சில் நாட்டுக்காரனுக்குக் கல்லூரியும் மேல் நீதிமன்றமும் பெரிய ஆஸ்பத்திரியும் உத்தியோகமும் எல்லாம் திருவனந்தபுரத்திலேதான் இருந்தன. சென்னை என்பது எட்டாத தூரம். இளமையிலேயே இவருக்குப் பித்துப் பிடித்திருந்த கலை சினிமா அன்று. சிலம்பமும் வாள்வீச்சும் அடிமுறையும் கலந்த நம் தென்திருவிதாங்கூர் மண்ணின் சண்டைக் கலையே அவருடைய முதற்காதல். அந்தக் கலையைக் குறித்து ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். களரியின் பெருமையை உலகத்துக்குக் காட்ட வேண்டுமென்றால் ஊர் ஊராகச் சென்று வித்தை காட்டிப் பயனில்லை, ஓடுகிற படமாக எடுத்துக் காட்டுவதே மார்க்கம் என்று அவருக்குத் தோன்றிற்று. சினிமாவுக்குள் அவர் வந்த வாசல் அதுவே. புகழோ பணமோ தேடி வந்தவர்களைப் பற்றியே கேட்டுப் பழகிய நமக்கு, தம் ஊர்க் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகக் காமிராவைத் தேடிப் போன ஒருவரின் கதை அபூர்வமானது.

முதலில் சென்னைக்குப் போனார். அங்கே அவருக்குக் கதவு திறக்கவில்லை. பிறகு பம்பாய்க்குப் போய், தாம் கேரளத்தில் ஓர் ஆசிரியர் என்றும், மாணாக்கர்களுக்குச் சினிமாவைப் பற்றிப் பாடம் சொல்லுவதற்காகப் பார்வையிட வந்திருப்பதாகவும் கூறி ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தார் என்பது அவருடைய வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கும் செய்தி. கண்ணால் கண்டதை மனத்தில் வாங்கிக்கொண்டு, வேண்டிய சாதனங்களையும் வாங்கிக்கொண்டு திரும்பியவர், தம் பெயரிலிருந்த நிலத்தை விற்றார். ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய்க்கு விற்றதாகச் சொல்வார்கள். அந்நாளின் 4 லட்சம் எத்தகைய தொகை என்பதை, நாஞ்சில் நாட்டு வயலின் விலையை அறிந்த எவருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. 1926-ல் திருவனந்தபுரத்துப் பட்டம் பகுதியில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்னும் ஸ்தாபனம் எழுந்தது. கேரளத்து மண்ணில் அமைந்த முதல் ஸ்டூடியோ அது.

அதிலிருந்து வெளிவந்த படம் 'விகதகுமாரன்'. கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூரில் ஒரு செல்வந்தர் வீட்டுக் குழந்தை சந்திரகுமாரன். அவனைப் பூதநாதன் என்னும் தீயவன் கடத்திக்கொண்டுபோய் இலங்கையில் சேர்த்துவிடுகிறான். குழந்தை அங்கே ஒரு தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, தன் உழைப்பினால் வெள்ளைக்காரத் துரையின் கண்ணில்பட்டு மேற்பார்வையாளனாக உயர்கிறான். அவனுக்குத் தூரத்து உறவினனான ஜயச்சந்திரன் இலங்கைக்கு வந்து, பொருளைப் பறிகொடுத்துத் தவிக்கிற நேரத்தில், ஒருவரை ஒருவர் இன்னார் என்று அறியாமலே இருவரும் சிநேகிதர்களாகிறார்கள். பின்னர் இருவரும் ஊருக்குத் திரும்ப, ஜயச்சந்திரன் சந்திரகுமாரனின் தங்கை சரோஜினியை விரும்ப, பூதநாதன் மறுபடியும் குறுக்கே வர, முடிவில் உடம்பிலிருந்த ஒரு தழும்பு காணாமற்போன மகனைக் காட்டிக்கொடுக்கிறது. ஜயச்சந்திரனாக டேனியலே நடித்தார். குழந்தையாக அவருடைய மகன் சுந்தர் நடித்தான். வில்லனாக நடித்த ஜான்சன், பிற்காலத்தில் தமிழ்ப் படங்களில் பெயர் பெற்ற நடிகை பி. எஸ். சரோஜாவின் தகப்பனார்.

இன்றைய வாசகருக்கு இது பழகிப்போன கதையாகத் தோன்றலாம். ஆனால் இந்தியாவில் பேசாப்படம் எடுத்தவர்கள் பெரும்பாலும் புராணத்தையே நம்பியிருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பால்கே 1913-ல் ஹரிச்சந்திரனை எடுத்தார். சென்னையில் நடராஜ முதலியார் கீசக வதத்தை எடுத்தார். ஜனங்கள் அறிந்த கதை, அறிந்த தெய்வம், அறிந்த வேஷம்; பேச்சில்லாத படத்தை விளங்கிக்கொள்ள அதுவே சுலபமான வழி. டேனியலோ தம் காலத்து மனிதரை, தம் காலத்து உடையில், தம் காலத்து ஊரில் நிறுத்தினார். கதையில் இலங்கை வந்ததும் அதிசயமல்ல. கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டுபோன தென்தமிழ்நாட்டு ஜனங்களுக்கு இலங்கைத் தோட்டம் என்பது கேள்விப்பட்ட துயரம். போனவர்களில் திரும்பாதவர்கள் எத்தனையோ பேர். வீட்டைவிட்டுப் போனவன் என்றாவது திரும்பி வருவான் என்ற நம்பிக்கையோடு வாழ்ந்த மக்களுக்கு நடுவே பிறந்தவர், அவர்களுடைய அந்த நம்பிக்கையையே கதையாக்கினார் என்பது என் அபிப்பிராயம்.

அக்காலத்துத் தொழிலை ஒரு கணம் கிட்டச் சென்று பார்ப்போம். காமிராவின் கைப்பிடியைக் கையாலேயே சுழற்ற வேண்டும்; விநாடிக்கு 16 சட்டங்கள் வீதம், அதாவது விநாடிக்கு ஓர் அடி நீளச் சுருள் வீதம், கை தளராமல், வேகம் கூடாமல் குறையாமல் சுழல வேண்டும். வேகம் குறைந்தால் திரையில் மனிதர்கள் ஓடுவார்கள், கூடினால் நீந்துவார்கள். வெளிச்சத்துக்குச் சூரியனை நம்ப வேண்டும்; நம் ஊர் மேகம் எப்பொழுது மறைக்கும், எப்பொழுது விலகும் என்பதை யார் சொல்லக்கூடும்? எடுத்த சுருளை இருட்டறையில் ரசாயனத்தில் கழுவி, உலர்த்தி, கண்ணாடிக்கு மேல் பிடித்துப் பார்த்து, கத்தரியால் வெட்டி ஒட்ட வேண்டும். வசனத்தை அட்டையில் எழுதி அதையும் படம் பிடித்து நடுநடுவே சேர்க்க வேண்டும். இத்தனை வேலைகளையும் தலைமேல் ஏற்றுக்கொண்டதோடு, கதாநாயகனாகவும் நிற்க வேண்டியிருந்ததென்றால், தாம் நடிக்கும் காட்சிகளில் அந்தக் கைப்பிடியை வேறொருவர் கையில் கொடுத்து, எந்த வேகத்தில் சுழற்றுவது என்று கற்றுக்கொடுத்து, பிறகு முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு ஓடிவந்து காமிராவுக்கு முன்னால் நின்றிருக்க வேண்டும். அவருக்கு முன்னோடி என்று சுட்டிக்காட்ட அந்த ராஜ்யத்தில் எவரும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. தவறினால் மறுபடி எடுக்க, விற்பதற்கு இன்னொரு நிலமும் இல்லை.

எழுத்து, இயக்கம், நடிப்பு என்று பல துறையிலும் கை வைத்த இத்தாலிய மேதைகளைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. நானும் அவற்றை வாசித்து வளர்ந்தவனே. யுத்தம் முடிந்த ரோமாபுரியின் தெருக்களில் காமிராவை இறக்கி, டி சிகாவும் அவருடைய கதாசிரியர் ஜவாத்தினியும் 1948-ல் 'சைக்கிள் திருடர்கள்' படத்தை உருவாக்கியபோது, கதாநாயகனாக நடித்தவர் மாஜோரானி என்ற ஆலைத் தொழிலாளி. உலகம் முழுவதும் அந்தப் படத்தைப் போற்றியது. மாஜோரானியோ ஆலைக்குத் திரும்பிய பிறகு வேலையை இழந்து வறுமையில் உழன்றார். பாமர ஜனங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துத் திரையில் உயர்த்துகிற கலை, அதன் பிறகு அவருக்கு நேர்வதற்குப் பொறுப்பேற்பதில்லை என்ற கசப்பான உண்மை இத்தாலிக்கு மட்டும் உரியதல்ல. அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே திருவனந்தபுரத்தில் அது இன்னும் கொடுமையாக நடந்துவிட்டது.

கதாநாயகியாக நடிக்க லானா என்ற ஆங்கிலோ-இந்திய நடிகையை டேனியல் முதலில் பம்பாயிலிருந்து வரவழைத்தார். அந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. குடும்பப் பெண்கள் நடிப்பதை நினைத்துப் பார்க்கவும் ஒப்பாத சமூகத்தில், கடைசியில் அவர் கண்டெடுத்தது புலையர் குலத்துப் பெண் ஒருத்தியை. காக்கரிசி நாடகத்தில் ஆடிப் பாடிப் பழகியவள். ராஜம்மா என்ற அந்தப் பெண்ணே பி. கே. ரோஸி என்று இன்று உலகம் அறிந்த நடிகை. நாளொன்றுக்கு 5 ரூபாய் சம்பளம் என்றும், காலையில் தன் மத்தியானச் சோற்றைத் தானே கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்து, மாலையில் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சோற்றுப் பொட்டலத்தை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பகலெல்லாம் நாயர் தரவாட்டுப் பெண்ணாக, நல்ல புடைவையும் நகையும் பூண்டு காமிராவின் முன்னே நின்றவள், சாயங்காலம் அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, தலைமுறை தலைமுறையாகத் தன் சனங்களுக்கு விதிக்கப்பட்ட பாதையில் நடந்து போனாள்.

அந்தப் பாதை எத்தகையது என்பதைச் சுசீந்திரத்தில் பிறந்தவன் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. டேனியல் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கிய அதே 1926-ல்தான் எங்கள் ஊரில் சத்தியாக்கிரகம் நடந்தது. தாணுமாலயன் கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காக! எங்கள் தேர் ஓடும் வீதிகளில், தெப்பக்குளத்தின் கரையில், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் காலடி வைக்கக்கூடாது என்று இருந்த தடையை எதிர்த்து, கோட்டாற்றைச் சேர்ந்த டாக்டர் எம். இ. நாயுடு முதலானோர் முன்னின்று நடத்திய போராட்டம் அது. வைக்கம் சத்தியாக்கிரகத்தின் சூடு ஆறுவதற்கு முன் தொடங்கி, இடையில் நின்று, 1930-ல் மறுபடியும் தலைதூக்கி, கடைசியில் 1936 நவம்பர் 12-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகே எங்கள் ஊர்க் கோயிலின் வாசல் எல்லாருக்கும் திறந்தது. இன்று பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு வெண்ணெய் சாத்திக் கும்பிட வருகிற கூட்டத்தில் எவரும் எவரையும் சாதி கேட்பதில்லை. அந்த நிலைமை தானாக வந்துவிடவில்லை. டேனியல் படம் எடுத்த ஆண்டுகள், இந்த இரண்டு போராட்டங்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள். தெருவில் நடக்க உரிமையில்லாத குலத்துப் பெண்ணை, நாயர் பெண்ணாக அவர் திரையில் நடக்கவிட்டார். அது எவ்வளவு பெரிய துணிவு என்பதை அவரே முழுவதும் உணர்ந்திருந்தாரா என்பது எனக்கு ஐயம்தான். உணர்ந்திருந்தால் அவளுடைய பாதுகாப்புக்கு ஏதேனும் ஏற்பாடு செய்திருப்பார்.

திருவனந்தபுரம் காப்பிட்டல் தியேட்டரில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 1928 நவம்பர் 7 என்று ஒரு கணக்கு. 1930 அக்டோபர் 23 என்று மற்றொரு கணக்கு. அறிஞர்கள் இரு கட்சியாக நிற்கிறார்கள், அந்த வழக்கு இங்கே நமக்கு அவசியமில்லை. ரோஸி வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று அழைக்கப்பட்ட பிரமுகர்கள் தடுத்ததாகவும், அவளோ தான் நடித்த படத்தைப் பார்க்கும் ஆசையில் வந்துவிட்டதாகவும், அடுத்த காட்சி வரையில் வெளியே காத்திருக்கும்படி அவளுக்குச் சொல்லப்பட்டதாகவும் வரலாறு கூறுகிறது. திரையில் கதாநாயகன் கதாநாயகியின் கூந்தலிலிருந்த பூவை எடுத்து முத்தமிடுகிற காட்சி வந்தது. கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. கல் பறந்தது. திரை கிழிந்தது. வெறி அத்துடன் அடங்காமல் அவளுடைய குடிசையைத் தேடிப் போய்த் தீ வைத்தது. அந்த இரவில் தப்பி ஓடிய பெண், வழியில் வந்த லாரி ஒன்றில் ஏறி, அதன் ஓட்டுநர் கேசவ பிள்ளையின் துணையோடு வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? நாகர்கோவில். இங்கேதான் அவரை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரோடு, தான் ஒரு காலத்தில் நடிகையாக இருந்தவள் என்ற சுவடே தெரியாமல் வாழ்ந்து, 1988-ல் மறைந்தார். தான் நடித்த ஒரே படத்தை அவர் தம் கண்ணால் முழுவதும் பார்த்ததாகத் தெரியவில்லை. நாம் சந்தைக்குப் போகிற வழியிலே, பஸ் நிலையத்துக் கூட்டத்திலே, மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி ஒரு சாதாரணக் கிழவியாக நம் அருகே நடந்து போயிருக்கக்கூடும்.

ஆலப்புழை போன்ற சில ஊர்களிலும் படம் ஓடிற்று. போட்ட பணம் திரும்பவில்லை. ஸ்டூடியோ மூடப்பட்டது, சாதனங்கள் விற்கப்பட்டன. முதலில் எண்ணிய சண்டைக் கலையைக் குறித்து 'அடிதடி முறை' என்ற செய்திப்படம் ஒன்றை எடுத்ததோடு அவருடைய திரைவாழ்வு முடிந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. டேனியலின் உறவினரான நாகர்கோவில் ஆர். சுந்தர்ராஜ், சி. வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற நாவலைத் தழுவி, பி. வி. ராவ் இயக்கத்தில் 'மார்த்தாண்ட வர்மா' என்ற பேசாப்படத்தைத் தயாரித்தார். மலையாளத்தின் இரண்டாவது படம் அது. நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பாளர் வழக்குத் தொடுக்க, நீதிமன்ற உத்தரவால் படம் நின்றுபோயிற்று. பிரதி பதிப்பாளர் கைக்குப் போனது. தயாரித்தவருக்கு அது பெருநஷ்டம். ஆனால் பதிப்பாளரிடம் முடங்கிக் கிடந்த காரணத்தினாலேயே அந்தப் பிரதி அழியாமல் தப்பி, பல்லாண்டுகளுக்குப் பின் பி. கே. நாயரின் முயற்சியால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. தென்னிந்தியப் பேசாப்படங்களில் முழுமையாக எஞ்சியிருப்பது அரிதினும் அரிது. எஞ்சிய அந்தப் படத்தைத் தயாரித்தவரும் நம் ஊர்க்காரர். ஆக, மலையாள சினிமாவின் முதல் இரண்டு படங்களையும் நாஞ்சில் நாட்டுப் பணமும் நாஞ்சில் நாட்டு முயற்சியுமே உண்டாக்கின.

டேனியல் பல் மருத்துவம் கற்று, பாளையங்கோட்டை, மதுரை, காரைக்குடி, புதுக்கோட்டை என்று ஊர் மாறி ஊர் மாறித் தொழில் செய்தார். அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட செட்டிநாட்டுக்காரர்கள், தங்கள் தாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் கை ஒரு காலத்தில் காமிராவைச் சுழற்றிய கை என்பதை அறிந்திருக்க நியாயமில்லை. புதுக்கோட்டையில் இருந்தபோது நடிகர் பி. யு. சின்னப்பாவின் சிநேகம் கிடைத்து, பழைய ஆசை மறுபடியும் கிளர்ந்து, சென்னைக்குப் போய்க் கையிலிருந்ததையும் இழந்து திரும்பினார் என்று எழுதியிருக்கிறார்கள். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அதே காலத்தில் சென்னையிலும் கோவையிலும் சேலத்திலும் கொடிகட்டிப் பறந்ததையும், நடித்ததோடு நில்லாமல் 'மணமகள்', 'பணம்' ஆகிய படங்களை இயக்கியதையும் நினைக்கும்போது, இருவருடைய திறமையிலும் பேதமில்லை, காலத்திலும் இடத்திலுமே பேதம் என்று எனக்குத் தோன்றுகிறது. பேசும்படம் வந்து, ஸ்டூடியோக்கள் எழுந்து, நாடகக் கம்பெனிகள் நடிகர்களை வழங்கிக்கொண்டிருந்த காலத்தில் கலைவாணர் வந்தார். கல்லும் முள்ளும் நிறைந்த காட்டில் தாமே மரம் வெட்டித் தாமே வழி போட வேண்டிய காலத்தில் டேனியல் வந்தார்.

முதுமையும் வறுமையும் நோயும் சூழ, அவர் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பினார். 1960-களில் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற மலையாளப் பத்திரிகையாளர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவருடைய கதையைக் கேட்டு எழுதி, நலிந்த கலைஞர்களுக்குரிய உதவித்தொகையை அவருக்குப் பெற்றுத்தர அரும்பாடுபட்டார். கேரள அரசாங்கத்திடமிருந்து வந்த விடையின் சாரம் இதுதான்: அவர் வசிப்பது தமிழ்நாட்டில், ஆகையால் தமிழ்நாட்டைக் கேட்கட்டும். தமிழ்நாட்டைக் கேட்டால் என்ன விடை வந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்: அவர் எடுத்தது மலையாளப் படம், ஆகையால் கேரளத்தைக் கேட்கட்டும்.

நானும் நீங்களும் இவ்விடத்தில் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். டேனியல் பிறந்தபோது அகஸ்தீஸ்வரமும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ஆம் தேதி. அந்த இணைப்புக்காக நம் முன்னோர் சிறைப்பட்டார்கள், உயிரும் விட்டார்கள். அதன் நியாயத்தில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அன்று போட்ட எல்லைக்கோட்டை, அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒருவர் செய்த காரியத்தின்மேல் நீட்டி, இந்தப் பக்கமும் அவர் இல்லை, அந்தப் பக்கமும் அவர் இல்லை என்று தள்ளியது எந்த நியாயத்தில் சேரும்? பேசாப்படத்துக்குப் பாஷை ஏது? அதில் நடித்தவர்கள் பேசவில்லை. கேரளத்தார் நெடுங்காலம் தங்கள் முதற்படமாகக் கருதியது 1938-ல் வெளிவந்த 'பாலன்'. அது பேசியது மலையாளந்தான். ஆனால் அதை எடுத்தது சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ், தயாரித்தவர் தமிழரான டி. ஆர். சுந்தரம். சேலத்தில் எடுத்ததைச் சொந்தம் கொண்டாட முடிந்தவர்களுக்குத் திருவனந்தபுரத்தில் எடுத்ததைச் சொந்தம் கொண்டாடத் தயக்கம் இருந்ததென்றால், அதற்குக் காரணம் பாஷை மட்டுமாக இருந்திருக்க முடியாது. படத்தை எடுத்தவர் நாடார். நடித்தவள் புலையப் பெண். கல்லெறிந்த கையும், பிற்காலத்தில் கோப்பைத் திருப்பி அனுப்பிய கையும் ஒன்றுக்கொன்று உறவு என்றே நான் நம்புகிறேன்.

1975 ஏப்ரல் 27-ல் டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். உதவித்தொகை வரவில்லை.

கேரளம் பின்னர் தன் பிழையை உணர்ந்தது. அதை நாம் மனமாரப் பாராட்ட வேண்டும். மலையாள சினிமாவுக்கு வாழ்நாள் முழுவதும் தொண்டு செய்தவர்களுக்கு அந்த அரசாங்கம் வழங்கும் மிக உயர்ந்த விருது, 1992 முதல் ஜே. சி. டேனியல் பெயரிலேயே வழங்கப்படுகிறது. வினு ஆபிரகாம் ரோஸியின் வாழ்வை நாவலாக எழுதினார். இயக்குநர் கமல் 2013-ல் 'செல்லுலாய்ட்' என்ற படத்தை எடுத்து, பிருதிவிராஜை டேனியலாக நடிக்கவைத்து, ஒரு தலைமுறைக்கே அவரை அறிமுகப்படுத்தினார். இங்கே நம் பக்கத்தில், பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் பி. கே. ரோஸி பெயரில் சென்னையில் திரைப்பட விழா நடத்துகிறது. நடிகைக்குத் தமிழ்நாட்டில் ஒரு விழா உண்டு. இயக்குநருக்குக் கேரளத்தில் ஒரு விருது உண்டு. அவர்கள் இருவரும் கடைசி வரையில் வாழ்ந்த இந்த மாவட்டத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு பிள்ளைக்காவது அந்தப் பெயர்கள் தெரிந்திருந்தால் நான் மகிழ்ச்சியடைவேன்.

டேனியலின் வாழ்வைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. ஒரே ஒரு கதைப்படம் எடுத்தார், அதுவும் அழிந்தது என்பது மெய். ஆயினும் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, தொகுப்பு, நடிப்பு, தயாரிப்பு என்று இன்றைக்குப் பெரும் கூட்டமே சேர்ந்து செய்கிற வேலையை, கற்றுக்கொடுக்க ஒருவரும் இல்லாத ஊரில், தனி ஒருவர் தொடக்கத்திலிருந்து முடிவு வரையில் செய்து முடித்து, கொட்டகையில் ஜனங்களின் முன் ஓட்டிக் காட்டினார். அவருடைய பங்கு அத்துடன் நிறைவேறிவிட்டது. பூவை முத்தமிட்டதற்குக் கல்லெறிந்தவர்கள் தங்கள் பங்கைத்தான் செய்யத் தவறினார்கள். ரோஸியின் விஷயத்தில் மட்டும் அவர்மீது எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அவளை அழைத்து வந்தவர் அவளுக்கு அரணாக நின்றிருக்க வேண்டும். அந்தக் குறையை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது அவளுக்குச் செய்கிற இரண்டாவது அநீதியாகும்.

'விகதகுமார'னின் சுருள் எங்கும் கிடைக்கவில்லை; ஓரிரண்டு நிழற்படங்களைத் தவிர நம் கண்ணுக்கு எட்டுவது ஏதுமில்லை. ஆகையால் வாசகர்களை, முக்கியமாக அகஸ்தீஸ்வரம், நாகர்கோவில், திருவனந்தபுரம், ஆலப்புழை, காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கத்து வாசகர்களை, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் தகரப் பெட்டியிலும் பழைய கொட்டகை நோட்டீஸ்கள், டிக்கெட்டுத் துண்டுகள், கடிதங்கள், நிழற்படங்கள் கிடந்தால், குப்பை என்று எரித்துவிடாதீர்கள்; எடுத்துப் பார்த்து, படம் பிடித்து, விவரம் எழுதி வையுங்கள். படச்சுருள் எதுவும் அகப்பட்டால் பிரித்துப் பார்க்க வேண்டாம், வெயிலிலும் அடுப்பங்கரையிலும் வைக்க வேண்டாம். அக்காலத்து நைட்ரேட் சுருள் சடுதியில் தீப்பற்றக்கூடியது. குளிர்ந்த இடத்தில் தனியே வைத்துவிட்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.